உப்பு கொஞ்சம் ஜாஸ்தி

காது கேளாத மருமகள் வீட்டுக்கு வந்ததும் அக்கம்பக்கத்தில் எல்லோரும், "நீ கொடுத்து வச்சவ. சண்டையே வராது" என்றார்கள். மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போடக்கூட வழியில்லை என்றால் அது என்ன உறவு?

மகன் வீட்டில் இருந்தால் இரண்டு பக்கமும் எடுத்துச் சொல்வான். அவன் வேலைக்குப் போய்விட்டால் போனில் எழுதிக் காட்டுவதுதான். 'சாப்பாடு ரெடி.' 'குடை எடுத்துட்டுப் போங்க.' அதில் கொஞ்சலும் கிடையாது, கோபமும் கிடையாது. சுவரில் நோட்டீஸ் ஒட்டியதுபோல இருக்கும்.

அதனால்தான் மாமியார் யாருக்கும் சொல்லாமல் ஆன்லைனில் சைகை மொழி வகுப்பில் சேர்ந்தாள். மருமகளிடமே கேட்டிருக்கலாம். ஆனால் மாமியாராயிற்றே, தப்புத் தப்பாகக் கையை ஆட்டி அவள் முன்னால் நிற்க மனசு வரவில்லை.

ஒரு ஹோட்டலின் சலவை அறையில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது மாமியாரின் வேலை. சூடான உருளைக்குள் ஈரத்துணி போய் மறுபக்கம் மொடமொடவென்று வரும். அறை முழுக்க வெள்ளை ஆவி. அந்த மூட்டத்துக்குள் நின்றால் அவளுக்கு எப்போதும் ஒரே கனவுதான். தானும் மருமகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். கனவில் விரல்கள் தண்ணீராக ஓடும்.

வகுப்பில் ஓடாது. பழைய இஸ்திரி இயந்திரம் ஒருமுறை கவ்வியதில் அவளுடைய வலது கை நடுவிரல் மடங்காமல் விறைத்துப் போயிருந்தது. இந்த விரலை வைத்துக்கொண்டு எதைப் பேசினாலும் உளறலாகத்தான் இருக்கும் என்று தானே முடிவு கட்டிவிட்டாள். திரையில் மற்றவர்கள் கட்டங்களில் முகமும் கையும் தெரியும். இவள் கட்டம் மட்டும் கறுப்பு.

"கேமரா போடுங்கம்மா. பாத்தாத்தானே திருத்த முடியும்?" என்பாள் டீச்சர்.

"கேமரா ரிப்பேர் டீச்சர்."

ஒவ்வொரு வாரமும் அதே ரிப்பேர். ஒரு கட்டத்தில் பொய் சொல்லவே அலுத்துவிட்டது. இனி நமக்கு இது சரிப்பட்டு வராது, நின்றுவிடலாம் என்று தீர்மானித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்தாள். திரைச்சீலை காற்றில் எழும்பி எழும்பி இறங்கியது. கண் சொக்கியது. மறுபடியும் அந்த வெள்ளை ஆவி, எதிரே மருமகள்.

யாரோ மணிக்கட்டைத் தொட்டார்கள். கண் விழித்தால் உண்மையிலேயே எதிரே மருமகள். அவள் கைகள் கேட்டன: "அத்தை, தூக்கத்துல யார்கிட்ட பேசினீங்க?"

கேள்வி புரிந்துவிட்டது. அது எப்படிப் புரிந்தது என்று மாமியார் திகைப்பதற்குள், அவள் தூக்கத்தில் கைகளால் பேசியதை மருமகள் அப்படியே திருப்பிப் பேசிக் காட்டினாள்: "உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. எப்பவுமே ஜாஸ்தி." நடுவிரலையும் அதேபோல விறைப்பாக நீட்டி வைத்திருந்தாள். அதில் கேலி இல்லை. ஒருவர் பேச்சை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவோமே, அப்படி.

மருமகள் சமைத்ததைச் சாப்பிடும்போதெல்லாம் கட்டைவிரலை உயர்த்தி 'பிரமாதம்' காட்டிய மாமியாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. விறைத்த விரலைக் காட்டித் தலையை ஆட்டினாள். சரியாக வராது என்று அர்த்தம்.

மருமகள் இடுப்பில் கை வைத்து முறைத்தாள். பிறகு நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள்: "நல்லாப் புரிஞ்சுது. அதான் கோபம் வருது."

மாமியாருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அடுத்த வகுப்பில் கறுப்புக் கட்டம் வெளிச்சமானது. "அடடே, ரிப்பேர் சரியாயிடுச்சா?" என்ற டீச்சர், வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்லச் சொன்னாள். மாமியார் கைகளைத் தூக்கினாள். "என் மருமக தங்கமானவ. உப்புதான்..."

முடிப்பதற்குள் பக்கவாட்டிலிருந்து இரண்டு கைகள் கட்டத்துக்குள் நுழைந்து படபடவென்று என்னென்னவோ சொல்லின. டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். மாமியாருக்குப் பாதிதான் புரிந்தது. மீதியையும் கற்றுக்கொண்டு பதிலுக்குப் பதில் கொடுக்காமல் விடுவதில்லை என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.