மூன்று மின்சாரங்களும் ஒரு கடலையெண்ணெய் டின்னும்

வியாழன் காலை ஏழு மணிக்கு, ஓர் எண்ணெய் எஞ்சினைப் பார்க்கச் சித்தூரிலிருந்து புறப்பட்டேன். திருப்பதி நாற்பது மைலுக்குச் சற்று மேல். பஸ் கட்டணம் பன்னிரண்டணா. யுத்தத்தால் பெட்ரோல் கிடைப்பதில்லை. பஸ் தன் முதுகில் ஒரு கரியடுப்பைச் சுமந்துகொண்டு, அதன் வாயுவில் ஓடுகிறது.

சென்னையில் எஞ்சினீரிங் முடித்த என்னை, சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக் கமிட்டி ஒரு கணக்குப் போட அழைத்திருந்தது. கையிருப்பை வைத்து எந்த மின்சாரம் வாங்குவது? அணைக்கட்டிலிருந்து கம்பி வரும்வரை காத்திருப்பது, விறகில் ஓடும் நீராவி எஞ்சின், எண்ணெய் எஞ்சின் என்று மூன்று வழிகள். யூனிட் விலையில் அணைத் தண்ணீர்தான் மலிவு. எண்ணெய் எல்லாவற்றிலும் அதிகம்.

அதைக் கேட்டு டாக்டர் மேரியம்மாள் சொன்னார்: "மயக்கத்துக்கு ஈதர் கொடுத்துட்டு பெட்ரோமாக்ஸைப் பக்கத்துல கொண்டுவர முடியாதும்மா. தீப்பிடிக்கும். ராத்திரி ஒரு பிரசவம் சிக்கலானா இருட்டுல தடவித்தான் வெட்டணும். உன் கணக்குல தண்ணி ஜெயிச்சா, நான் எத்தனை வருஷம் காத்திருக்கணும்?"

சந்திரகிரிக்கு முன் ஒரு மேட்டில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம்.

"சார்ஜும் நாமே குடுத்து, நாமே தள்ளிக்கினு போறோம்!" என்றாள் நகரியிலிருந்து வந்த ஒரு பெண்.

"தள்ளுறதுக்குத் தனி டிக்கெட் கேக்கலையேக்கா, சந்தோஷப்படு" என்றார் டிரைவர்.

அடுப்பு சூடேறக் காத்திருந்தபோது, நீராவியை என் பட்டியலிலிருந்து அடித்தேன். கொதிகலனும் இப்படித்தான், பிரசவம் அதற்காகக் காத்திருக்காது.

பகல் பன்னிரண்டுக்குத் திருப்பதி. ஊருக்கு வெளியே ஓர் அரிசி ஆலையில் எண்ணெய் எஞ்சின் வைத்துச் சொந்தமாக மின்சாரம் எடுக்கிறார்கள். முதலாளி ரெட்டியார் முதலில் சாப்பாடு போட்டார். பிறகுதான் எஞ்சினைக் காட்டினார். கொட்டகையில் பலகாரம் சுடும் வாசனை.

"கடலெண்ணெய் துன்னுதும்மா. கல்லெண்ணெய்ல, அதான் டீசல்ல கிளப்பி, சூடானதும் இதுக்கு மாத்திடுவோம். நிறுத்துறதுக்கு முன்னால மறுபடி கல்லெண்ணெய். கல்லெண்ணெய்க்கு பர்மிட் கேக்கிறான். கடலைக்கு எவன் கேக்கிறான்?"

அன்றிரவு அவர் வீட்டிலேயே தங்கி, மறுநாள் திரும்பினேன். அவர்கள் கட்டித்தந்த புளிச்சோற்றுக்கு இன்னும் நன்றி சொல்கிறேன்.

சனிக்கிழமை கமிட்டி கூடியது. கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் செலவையும், செம்பு கிடைக்காத இந்த நாளில் கம்பி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாததையும் சேர்த்தேன். சில விளக்குகளுக்கு எண்ணெய் எஞ்சினே தகும் என்றேன்.

கமிட்டியிலிருந்த சபை மூப்பர் ஆசீர்வாதம் தலையாட்டவில்லை. "எஞ்சின் வாங்கிடலாம், அம்மாடி. மாசா மாசம் எண்ணெய்க்கு எங்க போறது?" முடிவு ஞாயிறு மாலைக்குத் தள்ளிப்போனது.

ஞாயிறு அறுப்பின் பண்டிகை. முதல் விளைச்சலை ஆலயத்தில் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது இங்கே வழக்கம். எடுத்தவர்கள் பணம் கட்டிவிட்டுப் பொருளை மறுபடி படைப்பார்கள். ஒரு பூசணிக்காய் மூன்று தரம் விலைபோனதைப் பார்த்தேன். பிறகு பக்கத்து ஊரான கங்காதர நெல்லூர்க் குடும்பம் ஒன்று படைத்த கடலையெண்ணெய் டின் மேசைக்கு வந்தது. டாக்டர் எடுத்தார். "எஞ்சினுக்கு" என்று திருப்பி வைத்தார். அடுத்து ஒரு நர்ஸ். அப்புறம் போன மாதம் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவளின் புருஷன். ஒவ்வொரு தரமும் விலை ஏறியது. டின் மேசையை விட்டு இறங்கவில்லை.

"மூப்பரே, சும்மா பாத்துக்கினு இருந்தா எப்படி?" என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. மூப்பர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, எல்லோரையும்விட அதிகமாகக் கேட்டார், எடுத்தார், "எஞ்சினுக்கு" என்றார். மேரியம்மாள் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார். மாலைக் கூட்டம் ஐந்து நிமிஷம்கூட நடக்கவில்லை; எஞ்சின் வாங்க முடிவாயிற்று.

இப்போது சென்னையில், வீட்டு ஸ்விட்சைத் தட்டினால் வெளிச்சம். யார் எரித்த நிலக்கரி என்று நான் நினைத்ததே இல்லை. சித்தூர் அறிக்கையின் எரிபொருள் கணக்கில் ஓர் இடம் மட்டும் நிரம்பாமல் நிற்கிறது. விற்க விற்கக் குறையாத எரிபொருளை எந்தத் தலைப்பில் எழுதுவது?