கதவுக்குக் கீழே ஒரு நிழல்

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தபோது அவர், கழிப்பறைக் கதவுக்குக் கீழே தெரியும் நிழலை வைத்தே டிக்கெட் இல்லாதவரைப் பிடித்துவிடுவார். முதியோர் குடியிருப்புக்குத் தனியாக வந்த பிறகும் சந்தேகம் ஓயவில்லை. தோட்டக்காரர் சிரித்தால்கூட, என்னவோ இருக்கிறது என்பார். இப்போது தினமும் காலையில் அவருடைய வீட்டுக் கதவுக்குக் கீழேயே ஒரு நிழல் வந்து நின்றது.

ஒட்டுக்கேட்பவரைக் கையும் களவுமாகப் பிடிக்க, கதவைச் சட்டென்று திறந்தார். கதவில் காதை வைத்திருந்த எதிர்வீட்டு டீச்சரம்மா தடுமாறி நின்றார்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"தினமும் நீங்க இருமுறது கேட்டதும் போயிடுவேன் சார். இன்னிக்கு இருமலே கேக்கல, அதான் பயந்துட்டேன்."

"நம்புற மாதிரி இல்லையே" என்று கதவைச் சாத்தினார்.

மறுநாள் நிழல் வந்ததும், வராத இருமலை வரவழைத்து இருமினார். பிறகு குனிந்து, நிழல் போய்விட்டதா என்று பார்த்துக்கொண்டார்.