எல்லையில் போட்ட ஆட்டுக்கிடை

பெரியதாழைப் பக்கம் தேரிக்காட்டின் ஓரத்தில் எனக்கு ஒரு முருங்கைத் தோட்டம் உண்டு. மேற்கே பக்கத்துத் தோட்டத்துக்காரர், எல்லையில் நின்ற உடை என்னும் முள்மரங்களைக் கரிமூட்டத்துக்கு வெட்டி விற்றுவிட்டார். அடுத்த ஆடிக்காற்றில் செம்மணல் அவர் பக்கமிருந்து பறந்து வந்து என் முருங்கைக் கன்றுகளை மூடியது. நியாயம் கேட்கப் போனேன்.

“காத்துட்ட போய்க் கேளு, ஏளா!” என்று, பொம்பளைதானே என்பதுபோல் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் விடவில்லை. உடை நெற்று தின்ற ஆடுகளின் புழுக்கையில் விதை சீக்கிரம் முளைக்கும். ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு, எல்லை நெடுக என் பக்கத்தில் இரவில் ஆடுகளை அடைத்துக் கிடை போடச் சொன்னேன். மழைக்குக் கன்றுகள் வரிசையாக எழும்பின. சில வருஷங்களில் அது ஆளுயர முள்வேலியானது. பிறகு வந்த ஆடியில் மணல் அதைத் தாண்டவில்லை. அவர் பக்கமே குவிந்து, அவருடைய முருங்கைகளைக் கழுத்துவரை புதைத்தது.

அவர் வந்து நின்றார். “ஏளா, என் தோட்டத்துக்கு மேக்கயும் கிடை போடச் சொல்லுதியா?”

“காத்துட்ட கேட்டியளா, அண்ணாச்சி?” என்றேன்.

ஆனாலும் ஆட்டுக்காரரை அனுப்பிவைத்தேன்.

நான் அவரை மன்னித்துவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். இல்லை. மரம் வெட்டிய அதே கை இப்போது உடைக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.