பாலில் கலந்த பொடி

எங்கள் தெரு கண்டக்டரம்மா “போலாம்” என்று குரல் கொடுத்தால் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிற பஸ்ஸும் சேர்ந்து கிளம்பிவிடும். அன்று அவள் புற்றுநோய்ப் பிரிவில் தன் தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள்.

தம்பியின் கையில் ஊசி குத்தியாகிவிட்டது. மருந்து ஏற்றுமுன் நர்ஸ் கேட்டாள்: “சத்து மாத்திரை, பொடி ஏதாவது சாப்பிடறீங்களா?”

“மாத்திரைன்னாலே குமட்டுது சிஸ்டர். ஒண்ணும் கிடையாது.”

அவன் பொய் சொல்லவில்லை. வாய்ப்புண் ஆறும், தெம்பு வரும் என்று நாட்டு மருந்துக் கடைக்காரர் கொடுத்த பொடியை அவனுக்குத் தெரியாமல் தினமும் பாலில் கலந்தவள் அக்காதான். சொன்னால் இனி அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ, அவளுக்குத் தெரியாது. நர்ஸின் விரல் குழாயைத் திறக்கப் போனது.

“கொஞ்சம் இரும்மா,” என்று அக்கா பையிலிருந்து பொடி டப்பாவை எடுத்து நீட்டினாள்.

நர்ஸ் விரலை எடுத்துவிட்டாள். “இதுல என்ன இருக்குன்னு டாக்டர் பார்க்கட்டும். மருந்தோட மோதினா வம்பு. அதுவரைக்கும் ஏத்த மாட்டேன்,” என்று டப்பாவோடு வெளியே போனாள்.

தம்பி அக்காவை முறைத்தான். “பால் மண்ணு மாதிரி இருந்துச்சே, நாக்கே செத்துப்போச்சுன்னு பயந்து கிடந்தேன். இனிமே பாலை நானே காய்ச்சிக்கறேன். நீ அடுப்புப் பக்கம் வராதே.”

“சரிடா,” என்றாள் கண்டக்டரம்மா.