மரியக்குட்டியின் வாய்க்கால்

மரியக்குட்டியின் நெல் அறுத்து, அடித்து, வயல் கரையில் குவிந்து கிடந்தது. அதை ஏற்றிப்போக வள்ளம் வரவேண்டிய வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருந்தது. காக்கை கால் நனையாமல் அக்கரைக்கு நடந்து போகலாம். ஓர் ஆபீசில் மனு கொடுத்தால் இன்னோர் ஆபீசைக் கைகாட்டினார்கள். அவள் கணவன் குஞ்ஞச்சன் குவியலை வாத்துகளிடமிருந்து காத்தபடி, மழை வருமோ என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில் தேர்தல் வந்தது. குட்டநாடு முழுக்கக் கொடியும் கோஷமும். முதல் வேட்பாளரான வக்கீல் ஆற்றங்கரைப் படகுத்துறையோடு கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார். மரியக்குட்டி விடவில்லை.

"எங்க ஆளுங்கல்லாம் வாய்க்காலுக்கு உள்ள, குருசடிச் சிலுவைகிட்ட இருக்காங்க சாரே. அதுவரைக்கும் வள்ளத்துல வந்தீங்கன்னா எல்லாரையும் கூட்டி நிறுத்துறேன்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்சிப் பையன்கள் குருசடி வரை தாமரையை வாரிக் கரையில் போட்டார்கள். சொன்னபடியே அறுவடைக்காரர்கள் அத்தனை பேரையும் அவள் கூட்டி நிறுத்தினாள். கப்பக்கிழங்கும் மீன்கறியும் பரிமாறினாள்.

எதிர்க்கட்சிக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. தங்கள் வேட்பாளரான டீச்சரும் குருசடிக்கு வருவார் என்று சொல்ல ஓடி வந்தார்கள். அவங்க வந்த இடத்துக்கே நீங்களும் வந்தா நல்லாவா இருக்கும் என்று மரியக்குட்டி கவலைப்பட்டாள். யோசித்துப் பார்த்து, அவர்கள் அதையும் தாண்டி உள்ளே இருந்த கள்ளுக்கடை வரை தாமரையை வெட்டினார்கள். கள்ளுக்கடை வாசலில் நின்று டீச்சர் மதுவிலக்கைப் பற்றிப் பேசவேண்டியதாயிற்று. குடித்துக்கொண்டிருந்தவர்கள் மரியாதையாகக் கைதட்டினார்கள்.

"ஏடி, நீ யாரு கட்சி?" என்று குஞ்ஞச்சன் கேட்டான்.

"பேசாம இருங்க இச்சாயா. இன்னும் கள்ளுக்கடையிலேருந்து நம்ம வயல் வரைக்கும் பாக்கி கெடக்கு."

மூன்றாவது வேட்பாளர் சுயேச்சை, பணக்காரர், போட்டோ பிரியர். ஆட்களோடு கள்ளுக்கடை வரை வந்தவர், தாமே தாமரை வாருவதுபோல் படம் எடுக்கச் சொல்லி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால் ஆழம் என்று நினைத்தது கழுத்து ஆழமாக இருந்தது. நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கினார்கள். ஆனால் மடியில் இருந்த செல்போன் போய்விட்டது. தேர்தல் கணக்குவழக்கு எல்லாம் அதில்தான் என்று அவர் அலறவே, ஆட்கள் குதித்துத் தாமரையைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி எறிந்தார்கள்.

"கெழக்கால தண்ணி ஒழுக்கு ஜாஸ்தி. அந்தப் பக்கம்தான் போயிருக்கும்," என்று மரியக்குட்டி கரையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வயலும் கிழக்கேதான் இருந்தது. சாயங்காலத்துக்குள் வயல்வரை தண்ணீர் தெரிந்தது. செல்போன் மட்டும் கிடைக்கவில்லை. பாவம் என்று அவளுக்கு உண்மையாகவே தோன்றியது. எல்லாருக்கும் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் விடியும்போதே வள்ளம் வந்தது. கடைசி மூட்டை ஆற்றைத் தாண்டிய பிறகுதான் மழை பிடித்தது. குஞ்ஞச்சன் நனைந்துகொண்டே சிரித்தான்.

டீச்சர் ஜெயித்தார். மழைக்காலம் முடிந்து நன்றி சொல்ல வந்தபோது, மறுபடி மண்டிய தாமரையில் அவர் படகு படகுத்துறையிலேயே சிக்கிக்கொண்டது. மரியக்குட்டி கரையில் வந்து நின்றாள்.

"அந்தத் தோத்த ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க டீச்சர். ஒருத்தரா வந்தா வேல ஓடாது."