கொக்கி மட்டும்தான் பாக்கி

கோகிலாவின் தையல் கடையில் எந்த ரவிக்கையும் பாதியில் நின்றதில்லை. எல்லாமே முடிந்திருக்கும், கொக்கி வைப்பது மட்டும் பாக்கி இருக்கும். துணி பையைவிட்டு வெளியே வராத நாளிலும் அவள் பதில் அதுதான். "கொக்கி மட்டும்தாம்க்கா பாக்கி. சாயங்காலம் வாங்க." சங்கரன்கோவில் பெண்கள் இதை நம்பியதுமில்லை, வேறு கடைக்குப் போனதுமில்லை. அவள் தைத்தால் தோளில் சுருக்கம் விழாது.

ராஜபாளையம் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட தையல் கடை ஒன்று வந்தது. அங்கே சொன்ன நாளில் கொடுத்தார்கள். அரிசிக்கடை சங்கரலிங்கத்தின் மனைவி ஆவுடையம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஏட்டி, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த ரவிக்கை கைக்கு வரணும். இல்லைன்னா மக கல்யாணத் துணி பூராவும் கண்ணாடிக் கடைக்குத்தான்."

கல்யாணத் துணி போய்விட்டால் ஆடி மாதம் ஈயோட்ட வேண்டியதுதான். கோகிலா பயந்துபோய்ச் சனிக்கிழமையே உட்கார்ந்து தைத்தாள். விடிந்து பார்த்தால் நிஜமாகவே கொக்கி மட்டும்தான் பாக்கி. அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் புருஷன் வேல்சாமி வேனோடு திரும்பி வந்தான். கிடைத்த சவாரி ரத்து.

"குத்தாலத்துல சாரல் அடிக்குதாம். கிளம்புட்டி."

"ஆறு மணிக்குத் துணி கொடுக்கணும்."

"என்ன பாக்கி?"

"கொக்கி மட்டும்தான்."

"என்கிட்டயுமா?" என்றான் வேல்சாமி.

மகள் இசக்கிச்செல்வி அதற்குள் துண்டும் சீயக்காயுமாக வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கோகிலா ரவிக்கையையும் ஊசிநூலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஏறினாள். சுரண்டை தாண்டும்வரை ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஊசி விரலில் இறங்கியது. தென்காசிக் கோபுரம் தெரிந்தபோது கடைசிக் கொக்கியின் நூலைப் பல்லால் கடித்தாள். சொன்ன நேரத்துக்கு முன்பாகவே ஒரு ரவிக்கை முடிந்துவிட்டது. மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஐந்தருவிக்குப் பக்கத்தில் இறங்கியதும் போன் அடித்தது. ஆவுடையம்மாள்.

"ஏட்டி, கடையிலதான இருக்க?"

"கடையிலதாம்க்கா. கொக்கி வச்சிக்கிட்டிருக்கேன்."

"சரி, வச்சி முடி. நான் வந்து பக்கத்துல உக்காந்துக்கிடுதேன்."

"இந்த வெயில்ல ஏங்க்கா அலையுதிய?"

"அது என்ன அங்கன இரைச்சல்?"

"மிஷின்க்கா. உங்க பக்கமும் இரையுதே?"

"அரிசி மில்லுட்டி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பூட்டின கடையைப் பார்த்தால் ஆவுடையம்மாள் நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போய்விடுவாள். "வண்டியத் திருப்புங்க" என்றாள் கோகிலா.

"வந்ததுக்குத் தலையையாவது நனச்சிட்டு வா" என்றான் வேல்சாமி.

பெண்கள் வரிசை நகர்ந்து அருவிக்குக் கீழே போனது. முகம் தெரியாத அளவுக்குத் தண்ணீர். முன்னால் நின்றவளின் முதுகு மட்டும் தெரிந்தது. கோகிலா முகங்களைவிட முதுகுகளை நன்றாக அறிவாள். ரவிக்கைக் கழுத்துக்குக் கீழே இலை போல ஒரு ஒட்டு. கத்தரி வழுக்கிக் கிழிந்த இடத்தை மறைக்க அவளே வைத்து, புது மாடல் என்று சொல்லித் தள்ளிவிட்டது. அந்த மாடலில் ஊரில் ஒரே ஒரு ரவிக்கைதான் உண்டு.

அப்படியே நழுவியிருக்கலாம். ஆனால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காதருகே குனிந்து கத்தினாள். "அரிசி மில்லுல கூட்டம் ஜாஸ்தியோ அக்கா?"

ஆவுடையம்மாள் திரும்பினாள். வாய் திறந்ததில் பாதி அருவி உள்ளே போனது. இருமி முடித்துவிட்டுச் சொன்னாள்: "உன் மிஷினு நல்லா ஓடுதுட்டி."

இருவரும் கரையேறினார்கள். ஆவுடையம்மாளின் தங்கை கோமதித்தாய், கேரியரைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். கோகிலா பையிலிருந்து ரவிக்கையை எடுத்து நீட்டினாள். ஆவுடையம்மாள் கொக்கிகளை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள். அவள் முகம் வாடிப்போனது.

"ஏட்டி, என்னைக்கும் இல்லாம இன்னைக்குன்னு பாத்து முடிச்சிருக்கியே! கல்யாண வேலை கெடக்கு, அருவி ஒண்ணுதான் கொறச்சலான்னு அவுக விடல. உன் கடையில காவலுக்கு உக்காந்து வாங்கியாறேன்னு சொல்லிட்டுல்லா வந்திருக்கேன். ஆறு மணிக்கு என்னைக் கூட்டிட்டுப் போக அங்கன வருவாவ."

சொல்லி வாய் மூடவில்லை, சங்கரலிங்கம் கூப்பிட்டார். ஆவுடையம்மாள் போனைக் கோகிலா கையில் திணித்தாள்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"கொக்கி மட்டும்தான் பாக்கி அண்ணாச்சி."

அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வைத்துவிட்டார்.

திரும்பும்போது சகோதரிகளும் வேனில் ஏறிக்கொண்டார்கள். ஆவுடையம்மாள் தலையைச் சன்னலுக்கு வெளியே காயப் போட்டபடி வந்தாள். வீரசிகாமணி வந்ததும் சொன்னாள்: "ரெண்டு கொக்கியப் பிரிச்சிரு மக்கா."

கோகிலாவுக்கு மனசே வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிரித்தாள்.

ஆறு மணிக்குச் சங்கரலிங்கம் கடை வாசலில் வந்து நின்றபோது அவள் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ஸ்டூலில் ஆவுடையம்மாள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே திரைக்குப் பின்னால் இசக்கிச்செல்வி வாயைத் துண்டால் பொத்தியிருந்தாள்.

"நாள் பூரா உக்காந்தும் முடியலையா?" என்றார் அவர். "கல்யாணத் துணியவாவது கண்ணாடிக் கடையில குடு."

"அதெல்லாம் கோகிலாதான் தைக்கணும்" என்றாள் ஆவுடையம்மாள். "அங்கன போனா நாள் பூரா உக்கார விடுவாவளா?"