கொல்லைத் தளத்துக்குச் சாக்கில் போட்ட பிளான்

போர்செட் நான் போட்டது. வயலுக்குப் போகும் வாய்க்காலின் குறுக்கே பாலம் நான் கட்டியது. இன்றைக்கு அறுவடை மெஷின் அதன்மேல் ஏறித்தான் போகிறது. குத்தகை நிலத்தில் உழுதவன் மகன் மில் வைக்கப்போகிறானாம் என்று கடைத்தெருவில் சிரித்தார்கள். நன்னிலம் போகிற ரோட்டிலேயே மில் வைத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். இப்போது எங்கள் கொல்லையில் இருக்கும் கல்தளமும் என் வேலைதான். இதை மட்டும் இல்லை என்கிறார்கள்.

மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் புதுவீடு கட்டினான். பின்பக்கம் நாற்காலி போட்டு உட்காரத் திறந்தவெளியில் ஒரு தளம் வேண்டும் என்றான். மில்லை இடித்தபோது தரையிலிருந்து பெயர்த்த கருங்கல் பலகைகளை நான் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். கட்டில் அகலத்துக்குச் சில, முறம் அளவுக்குச் சில, மற்றவை இரண்டுக்கும் நடுவே. வீட்டு வேலையைப் பார்த்த இன்ஜினியர் தம்பி அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஒண்ணுக்கொண்ணு அளவு சேரலைங்கய்யா. எல்லாத்தையும் ஒரே சைஸா அறுத்துடலாம்."

"ஏன் தம்பி, உங்க வீட்ல எல்லாரும் ஒரே உயரமா?"

"அப்புறம் லேஅவுட் எப்படிங்கய்யா வரும்?"

"நான் போட்டுத் தர்றேன்."

சிரித்தார். கடைத்தெருவில் கேட்ட அதே சிரிப்பு.

அந்தக் கல்லில் ஒன்றை நகர்த்த நாலு ஆள் வேண்டும். மனசுக்குப் பிடிக்கிற வரைக்கும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க முடியுமா? மில்லில் மிச்சம் கிடந்த பழைய சாக்குகளைக் கிழித்தேன். ஒவ்வொரு கல்லின்மேலும் சாக்கை விரித்து அதே அளவுக்கு வெட்டினேன். எந்தச் சாக்கு எந்தக் கல் என்று தெரிய இரண்டிலும் சுண்ணாம்பால் ஒரே படம் போட்டேன்: மீன், அரிவாள், வேப்பிலை. பிறகு சாக்குகளைக் கொல்லையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பெரியவற்றை முதலில், ஒன்றுக்கொன்று தள்ளி வைக்க வேண்டும். நடுத்தரம் அவற்றை அணைத்து வரும். சின்னது கடைசியில் சந்தில் உட்காரும். நான்கு மூலை ஒரே இடத்தில் கூடக்கூடாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விழும் கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நேராக ஓடவும் கூடாது. எங்கள் களிமண் கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். நேர்கோடு கிடைத்துவிட்டால் போதும், அதன் வழியாகவே தளத்தைப் பிளந்துவிடும்.

பிளான் முடிந்ததும் சாக்குகளை அதே வரிசையில் ஒன்றோடொன்று தைத்துச் சுருட்டிவிட்டு மட்டம் பார்த்தேன். எப்படி? நடவுக்கு முன்னால் வயலில் எப்படிப் பார்ப்போமோ அப்படி. சுற்றிலும் வரப்புப் போட்டு மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். மேடெல்லாம் தண்ணீருக்கு மேலே தலையைக் காட்டியது. மரப்பலகையைப் போட்டு இழுத்து மேட்டைச் சமன் செய்தேன். கொக்குகள்கூட வந்து இறங்கிவிட்டன.

மருமகள் கொல்லை வாசற்படியில் நின்று, "என்ன மாமா, கொல்லையில நடவா? நாத்து எங்க?" என்றாள்.

"நாத்து வருது. நீ ஆளுங்களுக்கு டீ போடும்மா."

இன்ஜினியர் ஓடிப்போய் மகனுக்கு வீடியோ கால் போட்டார்.

"அப்பா! புது வீட்டு அஸ்திவாரத்துகிட்டப் போயி தண்ணி கட்டுறீங்க? என்னப்பா இது?"

"வீடு உன்னோடது. மண்ணு என் பேச்சைத்தான்டா கேக்கும். போனை வை."

சாயங்காலத்துக்குள் தண்ணீரை வடித்துவிட்டேன். மண் காய்ந்தபின் சுவரிலிருந்து வாய்க்கால் பக்கம் தண்ணீர் ஓட வாட்டம் வைத்து, மணல் பரப்பி, பக்கத்தில் சாக்கை விரித்து, அதிலுள்ள படம் பார்த்துக் கல்லை இறக்கினோம். அதன்பிறகு ஒரு ராத்திரி முழுக்க அடித்த மழையில் கொல்லையே குளமானது. தளத்தின்மேல் மட்டும் ஒரு கைத்தண்ணீர் நிற்கவில்லை.

இதற்கிடையில் இன்ஜினியர் தம்பி ஒரு வேலை செய்திருந்தார். நான் சாக்கைப் பரப்பியிருந்தபோதே மாடியில் நின்று போனில் படம் எடுத்திருக்கிறார். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கோடு போட்டு, அடியில் தன் பெயரை எழுதி மகனுக்கு அனுப்பிவிட்டார்.

கிரகப்பிரவேசத்தன்று வீட்டுக்கு உழைத்தவர்களைக் கூப்பிட்டுத் தாம்பாளத்தில் வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதைப் பேசத்தான் மகன் நேற்றுப் போன் செய்தான்.

"அப்பா, தளம் பிளானுக்குன்னு இன்ஜினியருக்குத் தனியா ஒரு பொன்னாடை போட்டுடலாம். சூப்பரா போட்டிருக்காரு."

"போட்டது நான்டா."

"நீங்க ஐடியா குடுத்தீங்க, சரி. நம்ம வீட்டு ஆளுக்கே யாராவது பொன்னாடை போடுவாங்களா? நீங்கதான் மணையில உக்காந்து எல்லாருக்கும் ஆசீர்வாதம் பண்ணப்போறீங்களே."

வயசானால் எவனும் ஆசீர்வாதம் பண்ணலாம். அதற்கு ஒரு கல்லைக்கூடத் தூக்கத் தேவையில்லை. சுவரும் கூரையும் இன்ஜினியர் போட்டவை, நன்றாகவே போட்டிருக்கிறார். அதற்கு அவருக்குச் செய்யட்டும். நான் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் அடுத்து வரிசையில் நிற்பேன். "இந்தக் கல்தளத்துக்குப் பிளான் போட்டவர் இவர்" என்று என் பெயரைச் சொல்லி, ஊர் கேட்க, மகன் தன் கையால் எனக்குத் தாம்பாளம் தரவேண்டும். தரமாட்டானென்றால் அந்த மணையில் வேறு பெரியவரை உட்காரவைத்துக்கொள்ளட்டும்.